பைக்கு ஆன நேரம் இரண்டே முக்கால் மணி

சிமிகோட்டிலிருந்து தாப்லேஜுங்குக்கு நேர் விமானம் விடப்போகிறார்கள் என்ற சேதி, யாங்ஜோமின் டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வாய் மாறியிருந்தது. விமானி ஏதோ சொன்னாராம். அது அவருடைய உதவியாளர் காதில் விழுந்ததாம். உதவியாளர் மூட்டை ஏற்றும் மங்கலே ரோகாயாவிடம் சொல்ல, மங்கலே அதை ஓடுதளத்திலிருந்து சுமந்துகொண்டு வந்து கடை பெஞ்சில் இறக்கினான்.

"ரெண்டேகால் மணி நேரமாம் சார். இங்க ஏறினா அங்கதான் இறக்கமாம். நடுவுல எங்கயும் கால் கீழ வைக்க வேண்டாமாம்."

சர்வேயர் ஹோம்நாத் தஹால் டம்ளரைக் கீழே வைத்தார். காதில் விழுவது நல்ல சேதியாக இருந்தால் அவசரப்பட்டு நம்பக் கூடாது என்பது ஒன்பது வருடம் சிமிகோட் இருக்கும் ஹும்லா மலையில் குளிர்காய்ந்து அவர் கற்றது. ஆனால் ரெண்டேகால் மணி என்பது அவர் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த கணக்கோடு அச்சாக ஒத்துப்போனது. அதுதான் வினையாகிவிட்டது.

நேபாளத்தின் வரைபடத்தில் மேற்கு மூலையில், உச்சியில் இருக்கிறது சிமிகோட். கிழக்குக் கோடியில் இருக்கிறது தாப்லேஜுங். ஹோம்நாத் பிறந்தது அந்தக் கோடி. நில அளவைத் துறை அவரைக் கொண்டுவந்து போட்டது இந்த மூலை. இரண்டு ஊருக்கும் மலையின் தோளைச் செதுக்கிப் போட்ட, கைக்குட்டை அகல ஓடுதளம் ஒவ்வொன்று உண்டு. நடுவே அவர் மரஸ்கேல் வைத்து இழுத்த பென்சில் கோடு அறுநூற்று நாற்பத்து நான்கு கிலோமீட்டர். அந்தக் கோடு போகிற வழியில் திபெத்துக்குள் எட்டிப் பார்க்கிறது. நாலைந்து பனிமலைகளின் விலாவில் இடிக்கிறது. பத்தொன்பது பேர் உட்காரும் குட்டி விமானம் அந்த வழியில் போவதென்றால் விமானிக்குச் சீன விசா வேண்டும், பயணிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். இதெல்லாம் ஹோம்நாத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் தூரத்தை வேகத்தால் வகுத்து மீதியில்லாமல் வந்துவிட்டால், அவருக்கு மலை கண்ணுக்குத் தெரியாது.

ஊரில் அவருக்குக் காக்கா சர்வேயர் என்று பெயர். காரணம் இருக்கிறது. யாராவது ஒரு ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் அவர் எப்போதும் இரண்டு பதில் சொல்வார். "காக்காவுக்கு மூணு கிலோமீட்டர். உனக்கு அஞ்சு மணி நேரம்." கேட்டவன் நடக்க ஆரம்பித்த பிறகுதான், காக்காவின் கணக்கை எதற்குச் சொன்னார் என்று யோசிப்பான்.

அவர் ஒன்பது வருடம் சிமிகோட்டில் இருந்ததற்கு அவர் காரணமில்லை. இரண்டு வருடத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவருக்குப் பதிலாக வர வேண்டிய ஆள், சமவெளியில் நேபாள்கஞ்ச் வரை வந்து, சிமிகோட் விமானத்துக்காக ஆறு நாள் காத்திருந்து, ஏழாவது நாள் டெங்கு காய்ச்சலோடு திரும்பிப் போனார். அடுத்தவர் வானத்தில் பாதி தூரம் வந்தார். காற்று திருப்பி அனுப்பியது. அவர் இறங்கிய கையோடு வேலையை விட்டுவிட்டு மைத்துனரோடு சேர்ந்து ஓட்டல் ஆரம்பித்துவிட்டார். மூன்றாமவர் வந்தே விட்டார். சன்னல் வழியாக ஓடுதளத்தைப் பார்த்தவர் இருக்கையை விட்டு எழவே இல்லை. அதே விமானத்தில் திரும்பிவிட்டார். ஹோம்நாத்துக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதே கதைதான். இரண்டு முறை பெண் பார்க்க நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் மேகம். இரண்டாவது பெண்ணுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

இதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை: ஏழு வருடமாக அக்கா துளசாவின் கையால் அவர் நெற்றியில் திலகம் ஏறவில்லை.

திஹார் பண்டிகை ஐந்து நாள். முதல் நாள் காக்கைக்கு, இரண்டாம் நாள் நாய்க்கு, மூன்றாம் நாள் பசுவுக்கும் லட்சுமிக்கும், நான்காம் நாள் காளைக்கு. எல்லாரையும் கவனித்த பிறகு ஐந்தாம் நாள் உடன்பிறந்தவனுக்கு. அக்கா வாசற்படியில் வால்நட்டை நசுக்கி உடைப்பாள். தம்பியைச் சுற்றி எண்ணெயால் மூன்று வட்டம் போடுவாள். பிறகு ஏழு நிறத் திலகம். வட்டம் போட்ட பிறகு, எல்லாம் முடிகிற வரை உள்ளே இருப்பவன் எழுந்திருக்கக் கூடாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே கை நீட்டக் கூடாது. எமனே வந்தாலும் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எட்டு வயதில் ஹோம்நாத் வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய புதுச் செருப்பை நாய் ஒன்று கவ்விக்கொண்டு போனது. அழுது பார்த்தார். துளசா ஒரு அங்குலம் நகர விடவில்லை. "செருப்பு போனா வாங்கலாம். உயிர் போனா எந்தக் கடையில வாங்குவ?" என்றாள். அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் அவள்தான்.

நேர் விமானச் சேதி வந்த அன்று சாயங்காலமே ஹோம்நாத் அவளுக்குப் போன் போட்டார்.

"அக்கா, இந்த வருஷம் நிச்சயமா வர்றேன்."

"டேய் காஞ்சா," என்றாள் துளசா. காஞ்சா என்றால் கடைக்குட்டி. கடைக்குட்டிக்கு நாற்பத்தாறு வயது. "போன வருஷம் ஏன் வரல?"

"மேகம்."

"அதுக்கு முந்தி?"

"காத்து."

"அதுக்கும் முந்தி?"

"ஓடுதளத்துல மண்ணு சரிஞ்சு தண்ணி நின்னுச்சு."

"பஞ்சபூதத்துல ஒண்ணொண்ணா சாக்கு சொல்லிட்டு வர்ற. நெருப்பு ஒண்ணுதான் பாக்கி. இந்த வருஷம் அதுவா?"

"இல்லக்கா. நேர் விமானம் விடறாங்க. ரெண்டேகால் மணி நேரம்."

துளசாவின் குரல் இறங்கி வந்தது. "இதோ பாரு. அடுத்த மாசம் உன் மருமக சுஜிதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன்னு ஒருத்தன் முன்னால நிக்கணும். நான் இத்தனை வருஷம் உன் போட்டோவுக்குத் திலகம் வச்சேன். போட்டோவைக் கல்யாணத்துல நிறுத்த முடியாது. நீ வரலன்னா இந்தத் தடவை ககேந்திராவை உக்கார வச்சு வச்சிடுவேன். அவன் தம்பி ஆயிடுவான். மாமன் சீரும் அவனுக்குத்தான்."

ககேந்திரா பக்கத்து வீட்டுக்காரன், ஏலக்காய் வியாபாரி. துளசாவின் வாசலுக்கும் அவன் வாசலுக்கும் நாற்பது அடி. ஹோம்நாத்தே ஒரு விடுமுறையில் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறார். காஸ் தீர்ந்தால் சிலிண்டர் தூக்குவது ககேந்திரா. கூரை ஒழுகினால் ஏறுவது ககேந்திரா. அந்த வீட்டில் எது மணியடித்தாலும் முதலில் போய் எடுப்பதும் ககேந்திராதான், போனானாலும் சரி, குக்கரானாலும் சரி. அறுநூற்று நாற்பத்து நான்கு கிலோமீட்டரை நாற்பது அடியோடு மோதவிட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்ல சர்வேயர் தேவையில்லை.

"வர்றேன்க்கா. ரெண்டேகால் மணி நேரம்தானே," என்றார்.

மறுவாரம் விமானம் வந்தபோது வேலியோரம் நின்று விமானியையே கேட்டுவிட்டார். விமானி சிரித்தார். "நேரா போனா ரெண்டேகால் மணி நேரம்தான், ஆனா எந்தப் பைத்தியக்காரன் நேரா போவான்னு சொன்னேன்." சேதியின் பின்பாதி எந்த வாயிலோ தவறி விழுந்திருக்கிறது. ஹோம்நாத் மங்கலேயை முறைத்தார். மங்கலே, "எங்கிட்ட வரும்போதே அவ்வளவுதான் சார் இருந்துச்சு. நான் ஒண்ணும் எடுக்கல," என்றான், மூட்டையில் எடை குறைந்தால் சொல்கிற அதே குரலில்.

அதற்குள் துளசா தாப்லேஜுங் கடைத்தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஆகவே பழைய வழிதான். சிமிகோட்டிலிருந்து நேபாள்கஞ்ச், ஐம்பது நிமிடம். அங்கிருந்து காட்மாண்டு, ஒரு மணி. அங்கிருந்து தாப்லேஜுங், ஐம்பத்தைந்து நிமிடம். வானத்தில் இருக்கும் நேரம் கூட்டினால் இரண்டே முக்கால் மணி. தரையில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட எந்த ஸ்கேலும் கிடையாது. திலகம் வியாழக்கிழமை, முகூர்த்தம் பதினொன்று ஐம்பத்தைந்து. ஹோம்நாத் தாராளமாகவே நாள் விட்டுத் திங்கட்கிழமைக்குச் சீட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை கிழக்கே சூலம்.

"கிழக்கால போற ஆள் திங்கட்கிழமை புறப்படலாமா?" என்றார் ஊர்ப் பண்டிதர், பஞ்சாங்கத்தை மூடாமலே. "ஏழு வருஷம் ஏன் போய்ச் சேரலன்னு இப்பத் தெரியுதா?"

"வேற நாள் சீட்டு இல்லீங்க."

"ஆள் போக வேண்டாம். பரஸ்தானம் வச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை நல்ல நேரத்துல உங்க சாமான் ஒண்ணு வீட்டுப் படி தாண்டிக் கிழக்கால போய் உக்காந்துட்டா, நீங்களே புறப்பட்ட மாதிரி. மறுநாள் நீங்க போய் அதோட சேந்துக்கலாம். சூலம் ஏமாந்துடும்."

"என்ன சாமான் வைக்கணும்?"

"எது இல்லாம நீங்க நகர முடியாதோ அது."

ஹோம்நாத் எதையும் பாதியில் செய்கிறவரல்ல. அக்காவுக்காக வாங்கிய ஹும்லா வால்நட்டு நான்கு கிலோ, மருமகளுக்குக் கம்பளிப் போர்வை, தன்னுடைய நல்ல கோட்டு, மூன்று விமானச் சீட்டு, குடியுரிமை அட்டை. பண்டிதர் மேலும், "காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல கை எதைத் தொடுது?" என்று கேட்டார். போன். பழைய பட்டன் போன், ஒரு முறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் உயிரோடிருக்கும். அதையும் போட்டார். நீலப் பை கனத்தது. மூன்று விமான நிலையம் மாற வேண்டுமே, தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ஒரு அட்டையில் கறுப்பு மையால் பெரிதாக எழுதிப் பிடியில் கட்டினார்: துளசா தஹால், ஏலக்காய்க் கிடங்குக்கு எதிரே, தாப்லேஜுங்.

அவருடைய அறைக்கு நேர் கிழக்கே இருப்பது ஓடுதளத்தின் எடை மேடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு நல்ல நேரம். பையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு மங்கலேயைக் கூப்பிட்டார்.

"இதப் பாரு மங்கலே. இது இன்னிக்கே கிளம்பினதா இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"தப்பித் தவறிக்கூட வீட்டுப் பக்கம் திரும்பி வந்துடக் கூடாது. வந்தா எல்லாம் பாழ்."

"எங்கிட்ட விடுங்க சார்."

அன்று காக்கைத் திருநாள். ஹோம்நாத் யாங்ஜோம் கடைக் கூரைக்குச் சோறு வைக்கப் போனார். "இன்னிக்கு உங்க திருநாள் சார், உங்களுக்கும் ஒரு உருண்டை வைக்கட்டுமா?" என்று யாங்ஜோம் கிண்டல் செய்தாள். சைரன் ஒலித்தது, ஆடுகளும் ஆட்களும் ஓடுதளத்தை விட்டு விலகினார்கள், விமானம் வந்தது, போனது. ஹோம்நாத் அண்ணாந்து பார்த்துக் கையாட்டினார். நாளைக்கு இந்நேரம் நானும் அங்கே, என்று நினைத்துக்கொண்டார்.

மாலையில் மங்கலே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"வேலை முடிஞ்சுது சார். பதிமூணு கிலோ. இடம் இல்லன்னாங்க, சண்டை போட்டு ஏத்திட்டேன். நம்ம சாருக்குன்னு கூலிகூட வாங்கல."

"எதை ஏத்தின?"

"பையத்தான். இன்னிக்கே கிளம்பணும்னீங்களே."

ஹோம்நாத் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கவலையே வேண்டாம் சார். சும்மா அனுப்பல. தாப்லேஜுங்குக்காரர் ஒருத்தர் லீவுல ஊருக்குப் போனாரு, பட்டாளத்துக்காரர், பிர்மான் லிம்பு. அட்டையைப் படிச்சுப் பாத்துட்டு, எங்க தெருதான்னு சொல்லிக் கையில தூக்கிக்கிட்டாரு. திரும்பி வரவே வராது."

யாங்ஜோமின் போனை வாங்கி ஹோம்நாத் தன் எண்ணுக்குத் தானே அடித்தார். தொடர்பு கிடைக்கவில்லை. அன்று இரவெல்லாம் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை நாய்த் திருநாள். ஊரிலுள்ள நாய்களுக்கெல்லாம் விடியும் முன்பே சாமந்தி மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, இறைச்சி போட்டாயிற்று. வயிறு நிறைந்த நாய்கள் ஓடுதளத்தின் நடுவே வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டன. சைரன் ஊதிப் பார்த்தார்கள். மற்ற நாளாக இருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்பார்கள். இன்று நாயை அதட்டினாலே பாவம். விமானம் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றியது. கீழே மங்கலே இரண்டு கையிலும் எலும்பை வைத்துக்கொண்டு, "வாங்கய்யா, வாங்க, கொஞ்சம் இப்படி ஓரமா வந்து உக்காருங்க," என்று மாமனாரை அழைப்பது போல அழைத்துக்கொண்டு போனான்.

விமானம் இறங்கியது. இடமும் இருந்தது. சீட்டு கொடுக்கும் இடத்தில் நரஜங் ஷாஹி பட்டியலில் அவர் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான். பிறகு கையை நீட்டினான்.

"குடியுரிமை அட்டை?"

"பையில இருக்கு."

"பை?"

"முன்னால போயிடுச்சு."

"அட்டை இல்லாம ஏத்த முடியாது சார்."

"நரஜங், என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியாம என்ன? எங்கப்பா நிலத்தை அளந்து, மூணடியப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தூக்கிக் குடுத்தவர் நீங்க. எங்க வீட்ல உங்க பேர் சொல்லாம ஒரு வேளை சாப்பாடு இறங்காது. ஆனா அட்டை வேணும்."

"அந்த மூணடி சட்டப்படி அவங்களுது."

"இதுவும் சட்டப்படிதான் சார்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து, இன்னார் இன்னார்தான் என்று போட்டோ ஒட்டிய கடிதம் வாங்கி வந்தால் ஏற்றுவதாக நரஜங் சொன்னான். விமானம் அவருடைய இருக்கையில் ஒரு மூட்டை ஆப்பிளை வைத்துக்கொண்டு புறப்பட்டது.

மத்தியானம் அவருடைய போன் எடுக்கப்பட்டது.

"யாருங்க?" என்றது ஒரு கட்டைக் குரல்.

"நான்தாங்க அந்தப் பை. பைக்குச் சொந்தக்காரன். ஹோம்நாத்."

"அட, நீங்களா! நான் பிர்மான். ஏங்க, யாராவது அடிச்சா போன்ல சேவல் கூவுற சத்தத்தையா வப்பீங்க? மூணு ஏர்போர்ட்லயும் பையில கோழி இருக்கான்னு தொறந்து பாத்தாங்க."

"இப்ப எங்க இருக்கீங்க? நேபாள்கஞ்சா? அந்த அட்டைய மட்டும்..."

"நேபாள்கஞ்சா? நான் உங்க அக்கா வீட்டு வாசல்ல நிக்கிறேன். என்ன யோகமோ தெரியல, காட்மாண்டுல ராத்திரி தங்கினது தவிர, இறங்கின எடத்துலெல்லாம் அடுத்த விமானம் எனக்காக நின்ன மாதிரி நின்னுச்சு. வானத்துல இருந்தது மொத்தமே ரெண்டே முக்கால் மணி நேரம்."

ஹோம்நாத் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருடமாக அவர் காகிதத்தில் போட்டு வைத்திருந்த கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் சரியாகிவிட்டது. போனது பை.

போன் கைமாறியது. "காஞ்சா!" துளசாவின் குரல் அப்படிச் சிரித்து அவர் கேட்டு வருடக்கணக்கில் ஆகியிருந்தது. "பை வந்துடுச்சு, நீ எங்கடா? மேடு ஏறிட்டு வர்றியா? மூச்சு வாங்குதா? ககேந்திராகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். என் தம்பியோட பையே வந்துடுச்சு, அவன் வர மாட்டானான்னு தெருவே கேக்கற மாதிரி சொல்லிட்டேன். அவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!"

"அக்கா, நான் இன்னும் சிமிகோட்லதான்..."

சிரிப்பு நின்றது. "பை மட்டும் எப்படி வந்துச்சு?"

"நல்ல நேரத்துல கிளம்பிடுச்சு."

"நீ?"

"சூலம்."

"சூலமா? அது புதுசா இருக்கே," என்றாள் துளசா. "வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. வந்து சேர்."

செவ்வாய்க்கிழமை லட்சுமி பூஜை, அலுவலகம் பூட்டியிருந்தது. அதிகாரியை வீட்டில் போய்ப் பிடித்தார். அவர் விளக்கு ஏற்றிக்கொண்டே, போட்டோ இருக்கிறதா என்றார். போட்டோவும் பையில் இருந்தது, கோட்டுப் பாக்கெட்டில். போட்டோ எடுக்கும் பையன் தன் அக்கா வீட்டுக்கு விமானத்தில் போய்விட்டான், தன் குடியுரிமை அட்டையோடு. கடைசியில் நரஜங்தான் மனமிரங்கி, தன் அப்பாவின் நிலத் தகராறு வழக்குக் கோப்பில், எல்லைக்கல் அருகே ஹோம்நாத் நிற்கும் படம் ஒன்று இருப்பதாகச் சொல்லி வெட்டிக்கொண்டு வந்தான். படத்தில் பாதி அவன் அப்பாவின் விரல், குற்றம் சாட்டும் பாவனையில். அதை ஒட்டி, முத்திரை குத்தி, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடிதம் கைக்கு வந்தது.

ஹோம்நாத் அந்தக் கடிதத்தைப் பிடித்தபடி வேலியோரம் நின்றார். சைரன் ஒலிக்கவில்லை. பத்து மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் பால் பொங்குவது போல மேலே வந்தது. பதினொரு மணிக்கு எதிரே நின்ற நாயே தெரியவில்லை. கழுத்து மாலை மட்டும் தெரிந்தது.

நாளைக் காலையே விமானம் வந்தாலும், மூன்று விமானமும் கைகோத்துக்கொண்டு நின்றாலும், பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர முடியாது. அவர் நான்கு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு துளசாவுக்குப் போன் போட்டார்.

"மேகம்," என்றார்.

எதிர்முனையில் அடுப்பில் எண்ணெய் காய்கிற சத்தம் மட்டும் கேட்டது. நாளைத் திருநாளுக்கு வளைய ரொட்டி சுடுகிறாள் போலிருக்கிறது.

"அக்கா..."

"இங்க பாரு. உன்னோட பேச எனக்கு நேரமில்ல. உன் போன் உன் பையிலதான் இருக்கு. நாளைக்குப் பதினொண்ணு அம்பத்தஞ்சுக்கு அதுக்கு அடி. எவன் எடுக்கிறானோ அவன்தான் என் தம்பி. அதுக்கப்புறம் நீ மேகத்தை எண்ணிக்கிட்டு அங்கயே இரு."

வைத்துவிட்டாள். அதன் பிறகு அவளுடைய போன் அன்று முழுக்க எடுபடவில்லை.

வியாழக்கிழமை வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. காலையில் இரண்டு விமானம் வந்துபோயின. ஹோம்நாத் ஏறவில்லை. நரஜங் வேலியைத் தாண்டி வந்து, "சார், இடம் இருக்கு, கடிதம்கூட வேண்டாம், வாங்க," என்றான். எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. ககேந்திராவுக்கு அக்கா திலகம் வைத்த வீட்டுக்கு, சீர் தட்டுத் தூக்க ஒரு ஆளாகப் போவதா?

பதினொன்றரைக்கு யாங்ஜோமின் கடையில் வந்து உட்கார்ந்தார். யாங்ஜோம் போனைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். மங்கலே மூன்று நாளாக அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தவன், இன்று வந்து தரையில் குந்தினான்.

"நான் வேணும்னா பேசறேன் சார். தப்பு என்னுதுதான்னு சொல்றேன்."

"நீ ஏதாவது சொன்னா பாதிதான் போய்ச் சேரும்," என்றாள் யாங்ஜோம்.

பதினொன்று ஐம்பத்து நான்கு. ஹோம்நாத் தன் எண்ணை ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். மனிதன் தனக்குத் தானே போன் செய்யும்போது விரல் தடுமாறுகிறது. கடிகாரத்தின் பெரிய முள் நகர்ந்தது. பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தார்.

மணி போனது.

ஒன்று. ககேந்திராவாக இருந்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவான். அது அவன் சுபாவம். இரண்டு. மூன்று. நான்கு. அறுநூற்று நாற்பத்து நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நீலப் பைக்குள் சேவல் கூவிக்கொண்டிருக்கிறது. வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே ககேந்திரா இருக்கிறான். ஒருவர் கையும் நீளவில்லை.

ஏழு. எட்டு. தானாகத் துண்டித்துக்கொண்டது.

"எடுக்கலயா?" என்றாள் யாங்ஜோம். "பாவம் சார். ஒரு ஆளுகூடவா வீட்ல இல்ல?"

"யாருமே எடுக்கலன்னா என்ன சார் அர்த்தம்?" என்றான் மங்கலே.

ஹோம்நாத் பெஞ்சில் சிந்தியிருந்த டீயில் விரலைத் தோய்த்தார். மரப்பலகை மேல் ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றி இன்னொன்று. அதற்கு வெளியே மூன்றாவது. நடுவே, பையை வைப்பது போல, யாங்ஜோமின் தீப்பெட்டியைத் தூக்கி வைத்தார். மங்கலே அடுப்புக்காகத் தீப்பெட்டியை எடுக்கக் கை நீட்டினான்.

"கைய எடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. பையைப் பரணில் தூக்கிப் போட்டிருந்தாலும் மணி இப்படித்தான் போகும். கோபத்தில் கோணிக்குள் திணித்துக் கிடங்கில் போட்டிருந்தாலும் இப்படித்தான். திலகம் முடியக் குறைந்தது அரை மணி ஆகும். அதற்குப் பிறகு அடித்தால் யாராவது எடுப்பார்கள், சொல்வார்கள். அதுவரை காத்திருக்கத் தெரியாதவரா அவர்? ஒன்பது வருடமாக வேறு என்ன செய்தார்?

பதினொன்று ஐம்பத்தெட்டு. யாங்ஜோம் அவர் முகத்தைப் பார்த்தாள். போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினார். எடுக்காதே, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார், எடுக்காதே, யாரும் எடுக்காதீங்க.

மணி போய்க்கொண்டிருந்தது.